பண்டிகைக் காலமும் சாப்பிடப் பயப்படும் பிள்ளையும்

மார்கழி நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சாப்பாட்டைப் பற்றியவை கூடிவிடும். இந்த இதழில் மூன்றை எடுத்திருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கொழும்பில் பல வருடம் வார்டுகளில் தாதியாக வேலை செய்து, ஓய்வுக்குப் பிறகு குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறவள். பிள்ளையைப் பார்க்கும் டொக்டர் சொல்வது எப்போதும் என் சொல்லுக்கு மேலே.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. வைகாசி மாதத்தில் இருந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் ‘காஸ்ட்ரிக், வயிறு ஊதுது’ என்றாள். நாங்களும் காஸ்ட்ரிக் மருந்துதான் கொடுத்தோம். பிறகு மாதவிலக்கு நின்றது, பாடசாலையில் ஒரு நாள் மயங்கி விழுந்தாள். மனநல மருத்துவர் இது அனோரெக்சியா, சாப்பிடப் பயந்து உடம்பைப் பட்டினி போடும் நோய் என்றார். இப்போது கிளினிக் போகிறோம். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுண்டி என்று ஒழுங்கு தந்திருக்கிறார்கள். நிறை கொஞ்சம் கூடியிருக்கிறது. 20ஆம் திகதி லண்டனில் இருந்து என் கணவரின் அண்ணா குடும்பம் வருகிறது. வீடு நிறையச் சனம், விருந்து. மகளோ இந்தமுறை 21 நாள் பிள்ளையார் கதை விரதம் பிடிக்கப்போகிறேன் என்கிறாள். எங்கள் எல்லோருக்கும் கேக் அடித்துத் தந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள், தான் ஒரு துண்டும் வாயில் வைப்பதில்லை. மாமி, ‘பசிச்சால் தானாச் சாப்பிடுவாள், நீதான் செல்லம் குடுத்துக் கெடுக்கிறாய்’ என்கிறார். வரும் ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடவா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வரட்டும், தங்கச்சி. யாரையும் நிறுத்த வேண்டாம். ஆனால் வருகிற சனத்தின் வசதிக்காக மகளின் சாப்பாட்டு நேரத்தை ஒரு நாள்கூட மாற்றாதீர்கள். இதைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

மாமியின் பேச்சை முதலில் பார்ப்போம், ஏனென்றால் வீட்டுக்குள் இரண்டு கருத்து இருந்தால் பிள்ளை நடுவில் நின்று தவிக்கும். பசித்தால் சாப்பிடுவாள் என்பது சுகமான பிள்ளைக்குச் சரி. இந்த நோயில் பட்டினியே மூளையைப் பிடித்துவிடுகிறது. 1944இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். உடலும் மனமும் நல்ல நிலையில் இருந்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அளவுக்கு, வழக்கத்தில் ஏறக்குறையப் பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார்கள். அந்த இளைஞர்களில் ஒருவருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. அப்படியிருந்தும் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்தார்கள். ஒரு தட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் அளைந்தார்கள். எதற்கும் எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடம் இருந்து ஒதுங்கினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் மனம் பழைய நிலைக்கு வரப் பல மாதம் எடுத்தது.

உங்கள் மகள் குசினியில் நின்று ஊருக்கெல்லாம் கேக் அடிப்பதும் இதுதான். நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மாமிக்கு இந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் அடுத்த கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டர் சொல்லட்டும். நீங்கள் வளர்த்த விதத்தால் வந்த வருத்தமும் இல்லை இது. 1980களில் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி, இன்று இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படும் குடும்பச் சிகிச்சை, சாப்பாட்டுப் பொறுப்பைத் தாய் தகப்பனின் கையில்தான் முதலில் கொடுக்கிறது. பிள்ளை தேறத் தேறப் படிப்படியாக அவள் கைக்குத் திரும்பிப் போகும். நீங்கள் பக்கத்தில் இருப்பது செல்லம் இல்லை, மருந்து.

காஸ்ட்ரிக் என்று நினைத்ததற்காக மனம் நோகாதீர்கள். 1990களில் ஹொங்கொங்கில் மனநல மருத்துவர் சிங் லீ, தன்னிடம் வந்த அனோரெக்சியா நோயாளிகளில் பலர் ‘கொழுத்துவிடுவேன்’ என்ற பயத்தையே சொல்லாமல், வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள் என்று எழுதினார். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படிச் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வயிறு ஊதுவது பொய்யும் இல்லை. பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிடத்தான் அது சரிவரும்.

இனி விரதம். பிடிக்க விடாதீர்கள். இதில் இரண்டு மனம் வேண்டாம். நானும் சைவக் குடும்பத்தில் பிறந்து கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருந்தவள்தான், விரதத்தின் அருமை தெரிந்துதான் சொல்கிறேன். விரதம் என்று சொல்லிவிட்டால் நம் வீடுகளில் ஒருவரும் எதிர்த்துக் கதைக்க மாட்டார்கள். சாப்பிடாமல் இருப்பதற்கு இதைவிட மரியாதையான காரணம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. அவள் பக்தி உண்மையாகவே இருக்கலாம், நோய் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் செய்யும். வருத்தக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் விரதம் கட்டாயமில்லை என்பது நம் பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்ததுதான். நீங்கள் போகும் கோயில் ஐயரிடம் முதலே தனியாகக் கதையுங்கள். ‘மருந்து முடியட்டும் பிள்ளை, பிறகு பிடிக்கலாம்’ என்று அவர் வாயால் வந்தால் மகளுக்கும் குற்ற உணர்ச்சி இருக்காது. பின்னேரச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு அந்த 21 நாளும் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம். கதை படிக்கிற இடத்தில் அவளும் படிக்கட்டும், பூ கட்டட்டும்.

விருந்து நாளைப் பற்றி. நம் வீடுகளில் விருந்து என்றால் பகல் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். பெரியவர்கள் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள், ரோல்ஸும் கட்லட்டும் சுற்றி வரும், புரியாணி பிறகு வரும். உங்கள் மகளுக்கு அந்த நீண்ட காத்திருப்புத்தான் நரகம். அவளுக்கு வழக்கமாகப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் அன்றும் பன்னிரண்டரைக்கே, அறையில் உங்களோடோ தகப்பனோடோ. பிறகு மற்றவர்கள் சாப்பிடும்போது அவள் மேசையில் வந்து இருந்து கதைக்கலாம். எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடத்தான் விருப்பம் என்று அவளே சொன்னால் நல்லது, அப்போது எல்லோருக்கும் பன்னிரண்டரைக்குப் போடுங்கள். லண்டன் ஆட்கள் கோபிக்க மாட்டார்கள்.

என்ன சாப்பாடு, எவ்வளவு என்பது முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக்கில் கேட்டு, புரியாணி என்றால் எத்தனை கரண்டி, கேக் எந்தச் சிற்றுண்டிக்குப் பதிலாக என்று எழுதி வாங்கி வையுங்கள். தட்டை நீங்கள் போட்டுக் கொடுங்கள். பத்துச் சட்டி கறிக்கு முன்னால் அவளை நிறுத்தி ‘விருப்பமானதை எடு’ என்றால் அவள் ஒன்றையும் எடுக்க மாட்டாள். மேசையில் வைத்து ‘இன்னும் ஒரு கரண்டி’ என்ற பேரமும் வேண்டாம். திட்டத்தில் உள்ளதுதான் தட்டில், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாப்பிடும்போது எப்படிப் பக்கத்தில் இருப்பது என்பதை நான் வார்டில் ஒரு மூத்த தாதியிடம் பார்த்துக் கற்றேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு இடியப்பம், சொதி, கொஞ்சம் பருப்பு. அவள் இடியப்பத்தின் ஓரத்தில் இருந்து ஒரே ஒரு நூலைப் பிரித்தெடுத்தாள். சொதியில் தோய்த்தாள். தட்டின் விளிம்பில் சொதியை வழித்துவிட்டு நாக்கில் வைத்தாள். பிறகு அடுத்த நூல். முன்னால் இருந்த தாய் பொறுக்க முடியாமல் ‘கெதியாச் சாப்பிடு பிள்ளை’ என்றதும் விரல் அப்படியே நின்றுவிட்டது. மூத்த தாதி அந்தத் தாயைத் தேத்தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுத் தான் அருகில் அமர்ந்து, தன் ஊரில் அந்த வருடம் மழை பெய்த கதையைச் சொல்லத் தொடங்கினார். கண் தட்டில் இல்லை. இடையில் ஒருமுறை மட்டும் குரலை உயர்த்தாமல், ‘கஷ்டம்தான், எனக்குத் தெரியும். அடுத்த வாய் எடு’ என்றார். விரல் மறுபடி அசைந்தது. இந்தமுறை நாலைந்து நூல் சேர்ந்து வந்தது. தட்டு காலியாக முக்கால் மணித்தியாலம் பிடித்தது, அவர் எழும்பவில்லை.

அடுத்தது சனத்தின் வாய். நம்மவர்கள் ஆளைக் கண்டவுடன் உடம்பைத்தான் பார்ப்பார்கள். ‘என்ன மெலிஞ்சு போனாய்’ என்பதும் ‘என்ன கொழுத்திட்டாய்’ என்பதும் நம்மிடம் சுகம் விசாரிப்பது மாதிரி. தேறி வரும் பிள்ளைக்கு இவற்றைவிட மோசமானது, அன்போடு சொல்லப்படும் ‘இப்ப நல்லா வந்திட்டாய்’. அவள் காதில் அது ‘கொழுத்துவிட்டாய்’ என்றுதான் விழும், அன்றிரவே சாப்பாடு நின்றுவிடும். ஆகவே வருகிறவர்களுக்கு முதலே சொல்லுங்கள். சொல்லட்டுமா, எவ்வளவு சொல்லட்டும் என்று மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், அவருடைய அண்ணா. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: ‘அண்ணா, அண்ணி, மகளுக்குச் சாப்பாடு சம்பந்தமான ஒரு வருத்தம். டொக்டரிடம் காட்டுகிறோம், தேறி வருகிறாள். அவள் உடம்பைப் பற்றியோ தட்டைப் பற்றியோ ஒருவரும் ஒன்றும் கதைக்க வேண்டாம், நல்லதாகக்கூட. மற்ற எதையும் கதையுங்கள். உங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறாள்.’ அதோடு, மேசையில் பெரியவர்கள் தங்கள் டயட் கதைகளையும் விட வேண்டும். சீனி வருத்தம் உள்ள பெரியப்பா தன் பத்தியத்தை விளக்கத் தொடங்கினால் நீங்கள் கிரிக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் யாராவது வாய் தவறத்தான் செய்வார்கள். அந்த நேரம் மகள் உங்களைப் பார்த்து ஒரு சைகை காட்டினால் போதும், ‘அறையில் அந்தப் பையை எடுத்துத் தா’ என்று கூப்பிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். என்ன சைகை என்பதை இருவரும் இப்போதே பேசி வையுங்கள்.

சாப்பிட்ட பின் ஒரு மணித்தியாலம் அவளைத் தனியே விடாதீர்கள். மனம் மிகவும் அடித்துக்கொள்ளும் நேரம் அது. லண்டன் பிள்ளைகளோடு கரம் விளையாடட்டும், படம் பார்க்கட்டும். ‘மரைன் டிரைவ் வரைக்கும் ஒரு நடை போய் வாறன்’ என்று தனியாகக் கிளம்பினால், சாப்பிட்டதைக் கரைக்கத்தான் கிளம்புகிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடை எவ்வளவு என்பதும் டொக்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய அளவுதான்.

டிசம்பரில் போயாவும் நத்தாரும் வருவதால் கிளினிக் நாள் தள்ளிப் போகலாம். மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது, நிறை பார்க்கும் அடுத்த திகதி எது என்று இப்போதே கேட்டு வையுங்கள். சனம் வந்திருக்கிறது என்பதற்காகக் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். மயக்கம், நெஞ்சு நோவு, நெஞ்சு படபடப்பு, எழும்பி நிற்க ஏலாத சோர்வு, தண்ணீரும் குடிக்க மறுப்பது – இவற்றில் ஒன்று வந்தாலும் திகதியைப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸைக் கூப்பிடலாம். அவள் பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் விட்டாலும், வந்திருக்கும் சொந்தங்கள் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக ஊட்டித் தேற்றப் பார்க்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் இரத்தத்தில் பொஸ்பேட் போன்ற உப்புகள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். இரத்தப் பரிசோதனையோடு மருத்துவமனையில்தான் அதைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: என் தங்கச்சிக்கு 24 வயது, கோட்டையில் வேலை. மெலிவு ஒன்றும் இல்லை, பார்க்க வடிவாக இருக்கிறாள். ஆனால் விசேஷ வீடுகளுக்குப் போய் வந்தால் குளியலறையில் நெடுநேரம் நிற்கிறாள், தண்ணீரைத் திறந்துவிட்டு. வாந்தி மணம் வருகிறது. அவள் கட்டிலுக்குக் கீழ் வெறும் பிஸ்கட் பைக்கற்றுகள் கிடந்தன. போன நத்தாருக்கு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டோம், அவள் அழுதுகொண்டு படுத்தாள். அம்மாவுக்குத் தெரியாது. நான் கேட்கலாமா?
– அண்ணன், கொட்டாஞ்சேனை

பதில்: கேளுங்கள், தம்பி. நத்தாருக்கு முன்பே, ஒரு சாதாரண நாளில், சாப்பாட்டு நேரம் அல்லாத நேரத்தில், நீங்கள் இருவரும் மட்டும் இருக்கும்போது. கட்டிலுக்குக் கீழே கண்டதை எடுத்துக் காட்டாதீர்கள், அது அவளைக் கூனிக் குறுக வைக்கும். ‘நீ சாப்பிட்ட பிறகு கஷ்டப்படுறாய் போல இருக்கு. எனக்கு உன்னைப் பற்றிப் பயமாக இருக்கு. நான் யாருக்கும் சொல்லேல்லை’ என்ற அளவில் தொடங்கலாம். இல்லை என்பாள். கோபிப்பாள். சரி என்று விட்டு, சில நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது புலிமியாவாக இருக்கலாம், கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு அதை வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ வெளியேற்றப் பார்க்கும் நோய். 1979இல் ஜெரல்ட் ரஸல் என்ற மருத்துவர் தனி நோயாக விபரித்தது. உடல் நிறை சாதாரணமாகவே இருப்பதால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் போகும். ஆபத்து உள்ளே இருக்கிறது. திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதாலும், வயிற்றால் போக மாத்திரை குடிப்பதாலும் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு குழம்பும். ‘ஸ்லிம்மிங் டீ’ என்று விற்கும் பைகளிலும் பேதி மருந்து இருக்கலாம், அதைக் குடிக்கிறாளா என்று கவனியுங்கள். முதல் வேலை, ஒரு டொக்டரிடம் போய் இரத்தத்தில் உப்புகளைப் பார்ப்பது. இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. குறிப்பிட்ட முறையிலான பேச்சுச் சிகிச்சையில் பலர் தேறுகிறார்கள், சிலருக்கு மருந்தும் உதவும்.

நத்தாருக்கு ஒரு காரியம் செய்யுங்கள். இரவு பெரிய சாப்பாடு இருக்கிறது என்று அவள் 24ஆம் திகதி பகல் முழுக்கப் பட்டினி கிடப்பாள். நள்ளிரவில் கட்டுப்பாடு உடைவதற்குக் காரணமே அந்தப் பட்டினிதான். காலைச் சாப்பாடும் பகல் சாப்பாடும் அவளோடு சேர்ந்து சாப்பிடுங்கள். பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு குளியலறை வாசலில் காவல் நிற்காதீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நத்தார்க் கூடு பார்க்கப் போங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாந்தி எடுத்துவிட்டால் திட்ட வேண்டாம். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கட்டும், உடனே பல் விளக்க வேண்டாம், அமிலம் பட்ட பல் தேய்ந்துபோகும். அடுத்த வேளைச் சாப்பாட்டை மட்டும் விடக் கூடாது. வாந்தியில் இரத்தம், நெஞ்சு படபடப்பு, மயக்கம் என்றால் உடனே மருத்துவமனை.

அம்மாவிடம் சொல்வது அவள் விருப்பம், அவள் வளர்ந்த பெண். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று கண்டால் இரகசியம் காக்க மாட்டேன் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். கொழும்பு தேசிய மருத்துவமனையிலும் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்திலும் சிகிச்சை இலவசம். சின்னப் பிள்ளைகளுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே மருத்துவமனை இருக்கிறது. அங்கொடை என்ற பெயரைக் கேட்டவுடன் நம் சனம் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்தச் சுளிப்பால்தான் எத்தனையோ பிள்ளைகள் நேரம் கழித்து வந்து சேர்கிறார்கள். நேரே போகத் தயங்கினால் நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அவளுக்குப் பதிலாக நீங்களும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: தைப்பொங்கலுக்குக் கனடாவில் இருந்து தெஹிவளைக்கு வருகிறேன். அக்காவின் மகள் சாப்பாட்டு வருத்தத்தில் இருந்து தேறி வருகிறாள் என்று அக்கா சொன்னா. வழக்கமாக அவளுக்கு உடுப்பும் சொக்லேட்டும் கொண்டு வருவேன். இந்தமுறை என்ன கொண்டு வர?
– சித்தி

பதில்: சொக்லேட் கொண்டு வாருங்கள், வீட்டுக்கென்று. அவள் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம், கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறாளா என்று பார்க்கவும் வேண்டாம். அக்கா திட்டப்படி பார்த்துக் கொடுப்பா. உடுப்பை இந்தமுறை விட்டுவிடுங்கள். அளவு கேட்க வேண்டி வரும், போட்டுக் காட்டச் சொல்ல வேண்டி வரும், இறுகினாலும் தளர்ந்தாலும் அவளுக்கு அன்றைய பொங்கல் போய்விடும். பொங்கலுக்குப் புது உடுப்பு வேண்டும்தான், அதை அக்கா அவளோடு முன்கூட்டியே போய், தளர்வான ஒன்றாக எடுக்கட்டும். சாரி உடுக்க ஆசைப்பட்டால், பிளவுஸ் அளவை டெய்லர் கடையில் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு சோடித் தோடு, அவள் படம் கீறுகிறவள் என்றால் நல்ல வர்ணப் பென்சில், அப்படி ஏதாவது கொண்டு வாருங்கள். கட்டுநாயக்காவில் கண்டதும் கட்டிப் பிடித்து, ‘உன்னைக் காணத்தான் வந்தனான்’ என்று சொல்லுங்கள்.